யாரிடம், எப்போது, எவ்வளவு

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களைப் பற்றி இலங்கையில் நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்களா, ஆளைப் பிடித்துவிட்டார்களா. இவை அவசியமான கேள்விகள்தாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் மறுநாள் காலையில் எழுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்து வாசலைக் கடந்து, அதே பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருப்பதையும், அங்கே நிற்பவர்கள் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் அந்தக் கேள்விகள் தொடுவதில்லை. அந்த மறுநாளையும், அதற்குப் பின்வரும் ஆண்டுகளையும் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சிறுவயதில், எங்கள் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவரால் நான் பாதிக்கப்பட்டேன். நடந்தவற்றை இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. விவரிக்காமல் இருப்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்பதைக் கற்றுக்கொள்ளவே நீண்ட காலம் ஆயிற்று. என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் பிறந்தவள், இப்போது ஆசிரியையாக இருப்பவள் என்ற அளவு வாசகருக்குப் போதும்.

பாலியல் வன்முறை ஒருவரிடமிருந்து பறிப்பவற்றுள் முதன்மையானது, தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்கும் அதிகாரம். நான் கவனித்த வரையில், அதன் பிறகு நல்லெண்ணம் கொண்டவர்களும் அதே அதிகாரத்தையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பம் மானத்தைக் காப்பதற்காக வாயை மூடச் சொல்கிறது. தோட்டத் தலைவர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிறார். உறவினர்கள் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள், அல்லது அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறார்கள். முறைப்பாடு என்று போனாலோ, ஒரே கதையை எத்தனை மேசைகளில், யார் யார் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்பதை அலுவலகம் தீர்மானிக்கிறது. ஆகவே மீட்சியை நான் எளிமையாகவே விளங்கிக்கொள்கிறேன். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதில் தொடங்கி, பறிபோன தீர்மானங்கள் ஒவ்வொன்றாக உரியவரின் கைக்குத் திரும்புவதே அது.

நான் முதன்முதலில் சொன்னது அம்மாவிடம் அல்ல. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் எங்கள் பிள்ளைக் காம்பராவில் நீண்ட காலம் வேலை செய்த ஓர் அக்காவிடம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இரவில் தூக்கம் வராது, வந்தாலும் அலறிக்கொண்டு விழிப்பேன். அம்மாயி என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரியிடம் விபூதி போட்டுக் கயிறு கட்டிவிட்டிருந்தார். அந்தக் கயிற்றை நான் இன்றைக்கும் பரிகசிப்பதில்லை, ஏனெனில் போகும் வழியெல்லாம் அம்மாயி என் கையைப் பிடித்திருந்தார், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பயம் போகவில்லை. ஒருநாள் மாலை, பிள்ளைகள் எல்லோரையும் தாய்மார் அழைத்துச் சென்ற பிறகு, அந்த அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். “சொல்லணும்னா சொல்லு. சொல்ல வேணாம்னா சும்மா குடிச்சிட்டுப் போ” என்றார். நான் சொன்னேன். அழவுமில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்பவும் அந்த ஆளு ஒங்க வீட்டுக்கு வாறானா?” என்பதுதான். இரண்டாவது, “நான் யாருக்காவது சொல்லணுமா, சொல்லக் கூடாதா?”

ஏன் அப்போதே சொல்லவில்லை, தனியாக ஏன் போனாய் என்று அவர் கேட்கவே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முதலுதவியாக என்ன செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சுகாதார ஊழியர்களுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பயிற்சியில் படித்தேன்: குறுக்கிடாமல் செவிமடுப்பது, என்ன தேவை என்று கேட்பது, நம்புவதாகத் தெரியப்படுத்துவது, பாதுகாப்பை உறுதிசெய்வது, மேலதிக உதவியோடு இணைப்பது. பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துக் காலங்கழித்த அந்த அக்கா ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் இவற்றுள் நான்கைச் செய்து முடித்திருந்தார். ஐந்தாவதற்குத்தான் அன்றைக்குத் தோட்டத்தில் வழியிருக்கவில்லை.

இடம் என்ற விடயத்தைப் பற்றிச் சொல்லாமல் மலையகத்தில் இதைப் பேச முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் பழைய லயங்களில், பக்கத்து வீட்டு இருமலும் கேட்கும். சிறுவர் பாதுகாப்புக்காக 1929, பெண்களுக்காக 1938, மனநலத்துக்காக 1926 என்று தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. இவற்றைப் பாடசாலைச் சுவர்களில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்த அழைப்பை எங்கே நின்று எடுப்பது? பின்னாளில் ஓர் உளவளத்துணையாளர் என்னிடம், “வீட்டில் நீங்கள் தனியாக இருக்கக்கூடிய அறை எது?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை, பிறகு இருவருமாக யோசித்து, கோவிலுக்குப் பின்புறம் உள்ள மேட்டையும், பாடசாலை விட்ட பிறகு வகுப்பறையையும் என் இடங்களாகக் குறித்துக்கொண்டோம். தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துபவர்கள், துண்டுப் பிரசுரத்தைக் கொடுப்பதற்கு முன்னர், கதவு மூடக்கூடிய ஓர் அறையைத் தோட்டத்தில் ஏற்படுத்திக் கொடுத்தால் அதன் பயன் கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம்.

என்னை நீண்ட காலம் வாட்டிய கேள்வி, நான் ஏன் கத்தவில்லை என்பது. பக்கத்துக் காம்பராவில் ஆட்கள் இருந்தார்கள், கத்தியிருந்தால் வந்திருப்பார்கள். தப்பிக்க வழியில்லை என்று உடல் உணரும்போது, எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டுமல்லாமல் உறைந்துபோவதும் அதன் இயல்பான எதிர்வினை என்பதையும், அந்நேரத்தில் குரல் எழாது, கை கால் அசையாது என்பதையும், நினைவுகள் துண்டு துண்டாகவும் வரிசை மாறியும் பதிவதற்கும் அந்தப் பேரச்சமே காரணம் என்பதையும் உளவளத்துணையாளர் விளக்கியபோது, ஒரு மருத்துவ விளக்கம் மனிதரை இவ்வளவு இலேசாக்குமா என்று வியந்தேன். சட்டமும் இதை ஓரளவு அறிந்திருக்கிறது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவைக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், சம்மதம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அத்தியாவசியமல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியின் விடயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். ஆனால் லயத்து வாசலில் நடக்கும் விசாரணைக்கு இந்தச் சட்டம் எட்டவில்லை. அங்கே இன்னமும், “கத்தியிருக்கலாமே” என்பதே தீர்ப்பு.

சம்பவம் நடந்து சில மணி நேரமோ சில நாட்களோ ஆன ஒருவர் நம்மிடம் வந்தால், உணர்ச்சிகளைப் பேசுவதற்கு முன்னர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரையும் அவ்வாறே, நேரம் செல்லச் செல்லப் பலன் குறையும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கிறது, வன்புணர்வால் உண்டான கருவுக்கும் விலக்கு இல்லை; ஆகையால் நமது நாட்டில் அந்த மாத்திரை காலத்துக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மாற்றிவிடும். முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரே அரச வைத்தியசாலைக்குப் போகலாம். முறைப்பாடு செய்யும் எண்ணம் இருந்தால், குளிப்பதற்கு முன் போவது நல்லது. அணிந்திருந்த உடைகளைப் பொலித்தீன் பையில் கட்டாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். குளித்துவிட்டார், துணியைத் துவைத்துவிட்டார் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லாதீர்கள், அது உண்மையுமல்ல.

வழக்குக்காக உடலைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை என்றதும் நம் பெண்கள் நடுங்குவது நியாயமே. அந்தப் பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் சம்மதம் கேட்கப்பட வேண்டும், இடையில் நிறுத்தச் சொல்லலாம், நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் நடுக்கம் சற்றுக் குறையும். “பிள்ளை இன்னும் நல்லா இருக்காளான்னு பாத்துச் சொல்லுங்க” என்று வைத்தியரிடம் கேட்கும் பெற்றோரையும் நான் கண்டிருக்கிறேன். கன்னித்தன்மையைச் சோதிப்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை என்றும், அதைத் தடைசெய்ய வேண்டும் என்றும் 2018 இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் வேறு அமைப்புகளும் கூட்டாக அறிவித்தன. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை.

நான் உதவி தேடிப் போனது வேலை கிடைத்த பிறகு, கையில் சொந்தப் பணம் வந்த பிறகு. பஸ்ஸில் யாராவது பின்னால் நெருங்கி நின்றால் மூச்சு நின்றுவிடும். வகுப்பில் ஒரு மாணவன் திடீரெனக் கதவைத் தள்ளித் திறந்தால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் கை நடுங்கும். ஒரு வைத்தியசாலையின் மனநல சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வைத்தியர் கனிவானவர், சிங்களத்தில் மட்டுமே பேசக்கூடியவர். என் சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும்; இதைச் சொல்லப் போதாது. மொழிபெயர்ப்பதற்காக அவர் கூப்பிட்ட உதவியாளர் எங்கள் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர், என் சித்தியோடு ஒன்றாகப் படித்தவர். தலைவலி, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 ஆம் ஆண்டிலேயே எழுதியாயிற்று. தமிழில் வாக்குமூலம் கொடுப்பதற்கும் கொடுத்ததைத் தமிழில் வாசித்த பிறகு ஒப்பமிடுவதற்கும் வற்புறுத்தலாம், வற்புறுத்தத்தான் வேண்டும். ஆனால் மொழி தெரிந்தவர் கிடைத்தால் மட்டும் போதாது, அவர் நம்மை அறியாதவராகவும் இருக்க வேண்டும் என்பது நமது தோட்டங்களின் தனிப்பட்ட சிக்கல்.

அதனால் நான் வேறொரு நகரத்துக்குப் போனேன். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இயங்கும் பிரிவுகள் வன்முறைக்கு உள்ளானவர்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டவை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தரும், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் விடயங்களுக்கான உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவ்வளவு பேருக்கும் அந்த ஒரு சில மேசைகள்தாம் இருந்தன. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அங்கே வர வேண்டுமானால் அன்றைய பேர், அதாவது அன்றைய வேலைக்கணக்கு, போய்விடும். அந்த நாட்சம்பளத்தை இழந்து, ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்து, வீட்டில் எங்கே போகிறாய் என்பதற்கு ஒரு பதிலும் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். இலவச சேவை என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

உளவளத்துணை என்றால் அறிவுரை என்று எண்ணியிருந்தேன். முதல் நாள் உளவளத்துணையாளரான அந்த அம்மா என்னிடம் கேட்டது, கதவு திறந்திருக்கட்டுமா மூடட்டுமா, எந்தக் கதிரையில் உட்காரப் போகிறீர்கள் என்பவற்றைத்தான். பல வாரங்களுக்கு நாங்கள் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. தூக்கம், மூச்சு, பஸ் பயணம் ஆகியவற்றைப் பற்றியே பேசினோம். பயம் பிடிக்கும்போது மூச்சை நீளமாக வெளியே விடவும், பாதங்கள் தரையில் படுவதை உணரவும், கண்ணெதிரே உள்ள பொருட்களின் பெயர்களை மனத்துக்குள் சொல்லவும் பழகினேன். உடலுக்கு இது அன்றைய நாள் அல்ல, இன்றைய நாள் என்று உணர்த்தும் பயிற்சி அது. பிறகு, தாங்கக்கூடிய அளவு மட்டும், சிறிது சிறிதாகச் சொன்னேன். கையை உயர்த்தினால் அங்கேயே நிறுத்திவிடுவோம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. சில காலம் மனநல வைத்தியர் கொடுத்த மாத்திரைகளையும் எடுத்தேன், அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நன்றாக இருந்த மாதங்களுக்குப் பிறகு, ஒரு செய்தியை வாசித்ததால் மீண்டும் தூக்கம் போன மாதங்களும் உண்டு. அந்த அம்மா அதைத் தோல்வியாகக் கணக்கெடுக்கவில்லை.

செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தோட்டத்து மாணவிக்கு நேர்ந்த கொடுமை’ என்று தலைப்பிட்டு, பெயரை மறைத்துவிட்டு, தோட்டத்தின் பெயர், பாடசாலை, வகுப்பு, தாய் வெளிநாட்டில் இருக்கிறார் என்ற விபரம், போதாததற்கு லயத்தின் படம் ஆகியவற்றை முகநூலில் போடுகிறார்கள். ஐம்பது குடும்பங்கள் உள்ள இடத்தில் இதற்கு மேல் பெயர் எதற்கு? பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று 1995 திருத்தமே சொல்கிறது. பகிர்பவர்கள் அனுதாபத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுமி யாரிடம் எவ்வளவு சொல்வது என்று தீர்மானிப்பதற்கு முன்பே ஊர் முழுவதும் தீர்மானித்துவிடுகிறது.

நான் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை. இதற்காக என்மீது கோபப்படும் தோழியர் உண்டு. அவர்களுடைய கோபத்தை மதிக்கிறேன். இத்தகைய குற்றங்களுக்கு 20 ஆண்டுகள் வரை வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமுண்டு, சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023 இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கின்றன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதையும், தவணைக்குத் தவணை பிள்ளைகள் பாடசாலைச் சீருடையோடு நீதிமன்ற வாசலில் காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதையும் மீறி வழக்கு நடத்தி, தீர்ப்பு நாளில் தலைநிமிர்ந்து வெளியே வந்த ஒரு பெண்ணையும் அறிவேன். அவருக்கு நீதிமன்றம் மருந்தாயிற்று. எனக்கு அது எப்படி இருக்கும் என்பதை எனக்காக வேறொருவர் முடிவு செய்ய முடியாது. முறைப்பாடு செய்யாதவர் மன்னித்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பிள்ளைகளின் விடயம் வேறு. வளர்ந்தவரின் இரகசியத்தைக் காக்கலாம்; ஒரு பிள்ளை, “மிஸ், யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று கேட்டால் நான் சத்தியம் செய்வதில்லை. ஆபத்து தொடர்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. 1929 க்கோ, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவுக்கோ, நன்னடத்தை அதிகாரிக்கோ அறிவிக்கத்தான் வேண்டும். ஆனாலும் பிள்ளையின் கையில் விடக்கூடிய சிறிய தீர்மானங்கள் நிறைய இருக்கின்றன: யார் உடன் வர வேண்டும், எங்கே உட்காருவது, அடுத்து என்ன நடக்கும் என்பதை இன்றைக்கே கேட்கிறாயா நாளைக்கா. பேசித் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வரும் பெரியவர்களிடம், இது பேசித் தீர்க்கும் குற்றமல்ல என்றும், நமக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கவும் முடியாது என்றும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு சில நாட்களுக்குத் தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர் இருப்பதில்லை.

ஆண் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நமது சட்டத்தின் வன்புணர்வு வரைவிலக்கணம் பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவர்களாகக் கொள்கிறது. சிறுவர்களுக்கு நேர்வது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற வேறு பிரிவின் கீழ் வருகிறது, தண்டனையும் கடுமையானதே. சட்டத்தை விடப் பெரிய தடை, “ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடப் போகுது” என்ற பேச்சு. என் வகுப்பில் காரணமில்லாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனை எல்லோரும் ரௌடி என்றார்கள். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

அம்மாவிடம் நான் சொன்னது சில ஆண்டுகளுக்கு முன்னர். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், உடனே போய் அந்த ஆளின் வாசலில் மண்ணை வாரித் தூற்றப் போவதாகக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். போகாமல் இருந்தது அவருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், அந்த ஆள் இன்னமும் எங்கள் உறவுக்குள் மரியாதையோடு நடமாடுபவர். அம்மா எனக்குச் செய்த உதவிகளுள் பெரியது அப்படித் தன்னை அடக்கிக்கொண்டது. அவருடைய அனுமதியோடு தம்பிக்கும் சொன்னேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்வேனா என்பதையும் முடிவு செய்யவில்லை.

வரும் மாதம் சொந்தத்தில் ஒரு கலியாணம். அந்த ஆள் முன்வரிசையில் உட்காரக்கூடிய வீடு. பத்திரிகை வந்த அன்றே தம்பி கொழும்பிலிருந்து அழைத்து, “அக்கா, நீ வாறியா, இல்ல நான் மட்டும் போய் மொய் எழுதிட்டு வந்துறவா? யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு நீயே சொல்லு” என்றான். என் பெயரிலும் மொய் எழுதிவிடு, அக்காவுக்கு அன்றைக்கு வேறு வேலை என்று மட்டும் சொல், என்ன வேலை என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு என்றேன். அன்றைக்கு நானும் ஒரு தோழியும் பதுளைக்கு ரயிலில் போவதாக இருக்கிறோம். ஜன்னலோர இருக்கை எனக்கு என்று அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.